காற்றைக் கழித்துப் பார்த்தால்

தொலைக்காட்சிக்காரர்கள் காலையிலேயே வந்து ஆரின் வாசெக்கின் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் ஒயர்களைப் பரப்பியிருந்தார்கள். சோபாவை அவர்கள் இஷ்டத்துக்கு நகர்த்தினார்கள். ஜன்னலை மறைத்தார்கள். ஆரினின் மூக்கில் பவுடரை அப்பி, கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேறு சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு பேஸ்பால் லீகின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் யார் என்பதை இன்னும் சற்று நேரத்தில் அறிவிப்பார்கள். கடைசி மூன்று பேரில் ஆரினும் ஒருவன். மூன்று பேர் வீட்டிலும் கேமரா இருந்தது. ஜெயித்தவன் துள்ளுவதும் தோற்றவர்கள் சிரிப்பதும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் தெரியவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

சோபாவுக்குப் பின்னால் அவன் மச்சான் பென்னி ஆர்ச்சுலேட்டா பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய பரிட்டோ ரொட்டிச் சுருளை நின்றபடியே தின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், தோத்தா எப்படி சிரிக்கணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தியா?"

"வாய மூடு பென்னி, மைக் போட்டிருக்காங்க" என்றாள் மரிசா. ஆரினின் மனைவி, பென்னியின் அக்கா. "நீ திங்கறது ஊருக்கே கேக்கும்."

"கேக்கட்டுமே. டென்வர்ல நல்ல சாப்பாடு இருக்குன்னாவது தெரியட்டும். காத்து மட்டும்தான் இருக்குன்னு நெனச்சுட்டிருக்கானுங்க."

ஆரின் சிரிக்கவில்லை.

டென்வர் கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேலே இருக்கிறது. மைதானத்தின் மேலடுக்கில் ஒரே ஒரு வரிசை இருக்கைகளுக்கு ஊதா வண்ணம் அடித்திருப்பார்கள். சரியாக ஒரு மைல் உயரம் அங்கேதான். அங்கே காற்று மெலிசு. வேறு ஊரில் சுவரோரம் கைக்குள் போய் விழும் பந்து இங்கே சுவரைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் நாலு மூலையிலும் இருக்கும் பேஸ்களை நடந்தே சுற்றி வந்து ரன் எடுக்கலாம். பந்து அவ்வளவு துள்ளாமல் இருக்கட்டும் என்று ஈர அறையில் பூட்டி வைத்தும் பார்த்துவிட்டார்கள். கொஞ்சம் மட்டுப்பட்டது, அவ்வளவுதான். அதனால் டென்வர்க்காரன் எதை அடித்தாலும் நாடு முழுக்க ஒரு கை அதிலிருந்து கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்துவிடும். கம்ப்யூட்டரில் மைதானத் திருத்தம் என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டதும் ஆரினின் எண்கள் சோப்பு தேய்கிற மாதிரி தேயும். வெளியூரில் அவன் அடித்ததைப் பார், இதுதான் அசல் ஆள் என்பார்கள்.

வெளியூரில் ஏன் குறைகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. டென்வரில் வளைபந்து வளையாது. பத்து நாள் அதையே பார்த்துப் பழகிய கண், கடலோர ஊருக்கு இறங்கியதும் பந்து மேஜை விளிம்பிலிருந்து உருண்டு விழுவதைப்போல விழுவதைப் பார்த்து ஏமாறும். நம்புவதற்குச் சில நாளாகும். நம்பத் தொடங்கும்போது ஊர் திரும்ப வேண்டியிருக்கும். ஆரின் இதை ஒரு பேட்டியில் ஒருமுறை சொன்னான். மறுநாள் ஒன்று தவிர எல்லாப் பத்திரிகையும் அதைச் சாக்கு என்றது. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

விருதை வைத்துக்கொண்டு அவன் ஒன்றும் செய்யப்போவதில்லை. கோப்பை வைக்க வீட்டில் அலமாரிகூடக் கிடையாது. காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் யாராவது ஒருத்தர் அவன் ஆட்டத்தை எடைபோட வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். விருது கிடைத்தால் அதற்கு அதுதான் அர்த்தம் என்று நினைத்திருந்தான்.

சான் டியேகோ அணியின் ஃபான்டெனோ பெயரை அறிவித்தார்கள். திரையின் ஒரு மூலையில் ஃபான்டெனோவின் தாயார் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொரு மூலையில் ஆரின் சிரித்தான், கைதட்டினான். நன்றாகவே சிரித்தான். விளக்கை அணைத்தார்கள். ஒருவன் வந்து சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

நான்கே புள்ளியில் போயிருந்தது.

லீகில் உள்ள ஒவ்வொரு ஊரிலிருந்தும் இரண்டு பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். முதலிடத்துக்கு இத்தனை, இரண்டாமிடத்துக்கு இத்தனை என்று புள்ளி. யார் யாருக்குப் போட்டார்கள் என்பதைப் பெயரோடு வெளியிட்டுவிடுவார்கள். சாயங்காலம் மரிசா சமையலறையில் நின்று போனில் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று படிப்பதை நிறுத்தினாள்.

"என்ன?" என்றான் ஆரின்.

"ஒண்ணுமில்ல."

"மரிசா."

"நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் உன்ன முதல்ல போட்டிருக்கார். இன்னொருத்தர் ஃபான்டெனோவப் போட்டுட்டு உன்ன ரெண்டாவதா போட்டிருக்காங்க."

"யாரு?"

"கானி."

பென்னி பரிட்டோ சுற்றியிருந்த தாளைக் கசக்கினான். "அந்தக் கெழவியா? அவ மட்டும் ரெண்டு பேரையும் மாத்திப் போட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே!"

அது உண்மைதான். அந்த ஒரு சீட்டில் இரண்டு பெயர் இடம் மாறியிருந்தால் கோப்பை இங்கே வந்திருக்கும்.

கானி ஸ்ட்ரெலோ டென்வரின் பழைய பத்திரிகைக்காரி. ஆரின் அந்த ஊருக்கு ஆட வந்த நாளிலிருந்து அவள் இருக்கிறாள். அணி போகும் ஊருக்கெல்லாம் போவாள். மற்ற ஊர்க்காரர்கள் ஆரினை வருஷத்தில் நாலைந்து நாள் பார்த்துவிட்டு மீதியை எண்களில் பார்ப்பவர்கள். இவள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். மேலே டென்வரிலும் பார்த்தாள், கீழே கடலோர ஊர்களிலும் பார்த்தாள். ஓட்டுப் போட்ட இன்னொருவர் உள்ளூர் ஆட்டத்தோடு சரி; அப்படிப்பட்ட ஆள் ஊரில் அவள் ஒருத்திதான்.

"பயந்துட்டா மச்சான்" என்றான் பென்னி. "உன்ன முதல்ல போட்டா, ஊர்ப்பாசம்னு மத்தவனுங்க சிரிப்பானுங்கன்னு பயந்துட்டா. வேற என்ன இருக்கப்போகுது?"

ஆரினுக்கும் அப்படித்தான் பட்டது. அதுதான் அவனை அதிகம் குடைந்தது. காற்று அவனுடைய எண்களைத் தின்றது பற்றாதென்று, அவனைப் பார்த்திருந்த ஒரே சாட்சியையும் தின்றுவிட்டது.

குளிர்காலம் முழுக்க அவன் அவளுக்கு போன் செய்யவில்லை. எண்ணை எடுப்பான், பார்ப்பான், வைத்துவிடுவான். ஜனவரியில் உள்ளரங்கில் பயிற்சி செய்யப் போனவன், கதவு திறந்திருக்க, மைதானத்தை எட்டிப் பார்த்தான். தரையெல்லாம் பனி. இருக்கைகளெல்லாம் பனி. ஊதா வரிசை எதுவென்றே தெரியவில்லை. அடிக்க வரும் இடம் எங்கே இருக்கும் என்று கண்ணால் துழாவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

அந்த இடத்தில் நின்று அவன் கண்டதைப்போல ஒன்றை அவன் வாழ்க்கையில் வேறெங்கும் கண்டதில்லை. பந்து பேட்டின் சரியான இடத்தில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாது. தலையை நிமிர்த்தினால் பந்து மேலே போய்க்கொண்டிருக்கும், மலைப்பக்கம் சூரியன் இறங்கும் நேரமாக இருந்தால் அதன் ஒரு பாதி சிவப்பாக இருக்கும், இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இன்னும் போகும். அவன் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பான். கூட்டமும் அவனோடு பார்க்கும். நெப்ராஸ்காவில் அவன் வளர்ந்த ஊர் மைதானத்துக்குச் சுவரே கிடையாது. அடித்த பந்து கோதுமைத் தாளுக்குள் ஓடும், எவனாவது தேடி எடுத்து எறிவதற்குள் ஒரு ரன்னுக்காக நாலு பேஸையும் சுற்றி வந்தாக வேண்டும். அங்கே யாரும் நின்று பார்த்ததில்லை. நின்று பார்ப்பதை அவன் டென்வரில்தான் கற்றுக்கொண்டான்.

பிப்ரவரி கடைசியில் அணி அரிசோனாவுக்குப் பயிற்சிக்குப் போனது. காலையில் கொஞ்ச நேரம் பத்திரிகைக்காரர்களை உடை மாற்றும் அறைக்குள் விடுவார்கள். கானி வழக்கமான வெயில் தொப்பியோடும் தெர்மாஸ் காபியோடும் உள்ளே வந்தாள். ஆரின் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே கூப்பிட்டான்.

"கானி."

"சொல்லு வாசெக்."

"அந்த ஓட்டு."

அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நவம்பர்லேர்ந்து இதுக்குத்தான் காத்திருக்கேன். போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீங்க பண்ணியிருக்கலாம்."

"நான் எதுக்கு? பேரப் போட்டுத்தான ஓட்டுப் போட்டேன். ஒளிச்சு ஒண்ணும் வெக்கல."

"பயந்துட்டீங்களா?"

"என்ன பயம்?"

"ஊர்க்காரிங்கறதால ஓட்டுப் போட்டான்னு சிரிப்பாங்கன்னு."

கானி அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "இங்க பாரு. எனக்கு அறுபது ஆகப்போகுது. ரெண்டு புருஷன வீட்ட விட்டுத் தொரத்தியிருக்கேன். சிகாகோல இருக்கற எவனோ ஒருத்தன் என்ன நெனப்பான்னு நான் பயப்படுவேனா?"

"அப்ப காத்து."

"காத்தும் இல்ல. நான் காத்தக் கழிக்கறதே இல்ல. கீழ எறங்கினா பந்து எப்படி வளையும், கண்ணு எப்படி ஏமாறும், எனக்குத் தெரியாதா? நீ அதச் சொன்ன அன்னிக்கு ஒழுங்கா எழுதினவ நான் ஒருத்திதான்."

அதுவும் உண்மைதான். ஆரின் ஷூவை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அப்புறம் என்னதான் காரணம்?"

"சான் டியேகோ. ஆகஸ்ட். கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் பின்னாடி இருந்தோம். நீதான் முதல்ல அடிக்க வந்த. ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அவளே சொன்னாள்.

"வலது பக்கம் தூக்கி அடிச்ச. அருமையான அடி. அடிச்சுட்டு நின்ன. பேட்டக் கையில வெச்சுக்கிட்டு, மொகத்த மேல தூக்கிக்கிட்டு. டென்வரா இருந்தா பந்து தெருவுக்குப் போயிருக்கும். அது கடலோரம். கனத்த காத்து. பந்து சுவத்துல பட்டு உள்ள விழுந்துச்சு. அப்பத்தான் நீ ஓட ஆரம்பிச்ச. ரெண்டாவது பேஸுக்குப் போக வேண்டியவன் முதல் பேஸ்ல நின்ன. அடுத்தவன் ஒரு பேஸ் அளவுக்கு அடிச்சான். நீ ரெண்டாவதுல இருந்திருந்தா பேஸெல்லாம் சுத்தி வந்து ரன் எடுத்திருப்ப. வரல. தோத்தோம்."

ஆரினுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது.

"ஒரே ஒரு பந்துக்காகவா?"

"ஒண்ணு இல்ல. உனக்குச் சட்டுனு புரியும்னு அதச் சொன்னேன். மத்ததையும் சொல்லட்டா?"

"வேணாம்."

"ஃபான்டெனோ அந்த மைதானத்துலயே ஆடறவன். அங்க எதுவும் லேசுல தாண்டாதுன்னு அவனுக்குத் தெரியும். அடிச்ச ஒடனே தலையக் குனிஞ்சுக்கிட்டு மாடு மாதிரி ஓடுவான். உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா மயிரிழைதான் வித்தியாசம். எனக்கு அந்த மயிரிழை தெரிஞ்சுது, போட்டேன்."

"டிவில ஒருத்தன்கூட இதச் சொல்லலியே."

"டிவி பந்தத்தான் பாக்கும். நான் அடிச்சவனப் பாப்பேன். பழக்கமாப் போச்சு."

அவன் எதையாவது எட்டி உதைக்கலாமா என்று பார்த்தான். பக்கத்தில் துண்டுக் கூடைதான் இருந்தது. அதை உதைத்து என்ன ஆகப்போகிறது?

"அப்ப போன வருஷம் நான் ரெண்டாவதுதான்."

"ஆமா."

"காத்தக் கழிக்காம?"

"கழிக்காம."

கானி தெர்மாஸைத் திறந்து காபியை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்தாள். அடுத்த ஆளிடம் போய் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஆரின் ஷூ கயிற்றைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். இத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்டான். அது வரும்போது கூடவே முதலிடமும் வரும் என்று நினைத்திருந்ததுதான் தப்பு.

அன்று இரவு பென்னிக்கு போனில் சொன்னான். "நீ நின்னு பாப்பதான் மச்சான்" என்றான் பென்னி. "நாங்களும் அதுக்குத்தான டிக்கெட் வாங்கறோம்."

ஏப்ரலில் சான் டியேகோ போனார்கள். மதிய ஆட்டம். கடலிலிருந்து ஈரக் காற்று வந்துகொண்டிருந்தது. பேட்டின் கைப்பிடி பிசுபிசுத்தது. ஆரின் அடிக்க வந்ததும் வலப்பக்கக் கூட்டம் வழக்கம்போலக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஃபூ ஃபூ என்று ஊதிக் காட்டியது. வருஷா வருஷம் இதே கூத்துதான்.

"மூச்சு பத்தலியா வாசெக்? பலூன் வாங்கித் தரட்டா?" என்று ஒருவன் கத்தினான்.

முதல் பந்து மேஜை விளிம்பிலிருந்து விழுவதைப்போல விழுந்தது. பேட்டை வீசி ஏமாந்தான். இரண்டாவதும் விழுந்தது. இந்த முறை அவன் வீசவில்லை. மூன்றாவது விழாமல் நேராக வந்தது. அடித்தான்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை.

உடம்பில் இருந்த ஒவ்வொரு நரம்பும் தலையை நிமிர்த்து என்றது. கழுத்து ஒருதரம் வெட்டிக்கூட இழுத்தது. அவன் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். மண்ணைப் பார்த்துக்கொண்டு ஓடினான். வெள்ளைக் கோட்டைப் பார்த்தான், தன் ஷூவைப் பார்த்தான். கூட்டம் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஓ என்று இழுத்தது. அது எந்த ஓ என்று அவனுக்குப் பிடிபடவில்லை. முதல் பேஸை மிதித்துத் திரும்பினான். பந்து எங்கே, தாண்டியதா, எவன் கையிலாவது இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. இரண்டாவது பேஸில் சறுக்கி விழுந்தான். அவன் கை பேஸைத் தொட்ட பிறகுதான் மேலே பந்து வந்து சேர்ந்தது.

பந்தைப் பிடித்தவன் ஃபான்டெனோ. அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டி ஆரினைத் தூக்கிவிட்டான்.

"என்னப்பா ஆச்சு உனக்கு? வீட்டுக்குத் தீ வெச்ச மாதிரி ஓடியார?"

எதிரணியில் பந்து வீசுகிறவனை மாற்றினார்கள். புதியவன் தயாராவதற்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. ஆரின் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"எங்க பட்டுச்சு?" என்றான்.

"என்னது?"

"பந்து. எங்க பட்டுச்சு?"

ஃபான்டெனோ அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீ பாக்கலியா?"

"இல்ல."

"அடப்பாவி." அவன் கையுறையால் வலப்பக்கம் காட்டினான். "அதோ, சுவத்து உச்சில இருக்கற அந்த மஞ்சக் கோட்டுக்கு ஒரு சாண் கீழ. நான் முழுசாப் பாத்தேன். போகும்போது சத்தமே இல்ல. தாண்டிடுச்சுன்னுதான் நெனச்சேன். நம்மாளு சுவத்துக்கிட்டப் போயி அண்ணாந்து பாத்துட்டு நின்னுட்டான். கடைசில காத்து பிடிச்சு இழுத்துருச்சு. உங்க ஊரா இருந்தா இந்நேரம் ஏதாவது காரோட கண்ணாடி போயிருக்கும்."

"அப்படியா?"

"ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது." ஃபான்டெனோ சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு உங்க ஊர்ல ஒரே ஒரு வருஷம் ஆடணும். கோப்ப கீப்ப ஒண்ணும் வேணாம். எத்தன பந்து அந்தச் சுவத்துல செத்துருக்கு தெரியுமா? அடிச்சுட்டு, ஓடாம, நின்னு பாக்கணும்னு ஆச. நீ நிப்பியே, அந்த மாதிரி."

"நல்லா இருக்கும்" என்றான் ஆரின். "பாக்க நல்லா இருக்கும்."

புதியவன் பந்து வீச வந்தான். டென்வரின் அடுத்த ஆள் மூன்று பந்தில் அவுட்டாகிப் போனான். அதற்கடுத்தவன் நாலு பந்தில் போனான். மூன்றாமவன் ஃபான்டெனோவின் கைக்கே அடித்தான். ஆரின் இரண்டாவது பேஸிலேயே நின்றது நின்றபடி மூன்று அவுட்டோடு இன்னிங்ஸ் முடிந்தது. ஆட்டத்தையும் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து கானி உடை மாற்றும் அறைக்கு வந்தாள். தோற்ற அணியிடம் கேட்க வேண்டியதையெல்லாம் சுருக்கமாகக் கேட்டாள். கடைசியில் ஆரினின் முன்னால் நின்றாள்.

"ஓடின."

"ஆமா."

"எப்ப முடிவு பண்ணின?"

"அரிசோனால."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாள். ஆரின் சற்றுப் பொறுத்துக் கேட்டான்.

"கானி, அது எப்படிப் போச்சு?"

"எது?"

"பந்து."

"பந்த நான் எங்க பாத்தேன்?" என்றாள் அவள். "உன்னத்தான பாத்துட்டிருந்தேன்."

பக்கத்து இருக்கைக்காரன் தன் டேப்லெட்டை நீட்டி, "இந்தா, இதுல இருக்கு, பாரு" என்றான். ஆரின் கையை நீட்டினான். பிறகு வேண்டாம் என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அது எல்லோரும் பார்த்த பந்து. அவன் பேட்டோடு நின்று பார்த்திருக்க வேண்டிய பந்து அதில் இருக்காது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. ஃபான்டெனோ சொன்னதை வைத்துக்கொண்டு மனசுக்குள் அந்தப் பந்தை ஓட்டிப் பார்த்தான். சத்தமே இல்லாமல் போகிறது. சுவரோரம் ஒருவன் அண்ணாந்து நிற்கிறான். மஞ்சள் கோட்டுக்கு ஒரு சாண் கீழே வந்து அது நிற்க வேண்டும். அவனுக்கு நிற்கவில்லை. பின்னால் மலை வந்தது, சூரியன் வந்தது, பந்தின் ஒரு பாதி சிவந்தது, அது போய்க்கொண்டே இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். மறுபடியும் தாண்டிப் போயிற்று.